பதினெட்டுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில்

எங்கள் பேச்சில் இவற்றுக்குக் கடற்பன்றி என்று பெயர்.
கடலோடும் சேராது, பன்றியோடும் சேராது.
வூச் என்ற எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்;
ஓடிய ஆறுகளைத் தெருவுக்கடியில் மூடிவிட்டார்கள்.
ஆகவே பெயர் பொருந்தாததெல்லாம்
இங்கே ஒரு குறையே இல்லை.

ஒன்று க்ளுஸ்கா. கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
இன்னொன்று பீகோஸ்.
குளிர்பெட்டிக் கதவு அசைந்தாலே விசிலடிக்கும்.
நான் ஹல்ஷ்கா. டிராம் ஓட்டுகிறேன்.

ஜூலையில் என் கண்ணாடிக்குப் பின்னால்
முப்பத்தொன்பது டிகிரி.
எனக்கு முதுகு நனைந்தது.
அவற்றுக்கு வியர்க்கத் தெரியாது.
வாங்கிய சூட்டை எங்கே இறக்குவது என்று தெரியாமல்
மூலையில் கிடக்கும்.

விடிகாலை நான்கு மணிக்கே திரைகளை இழுத்துவிட்டு,
உறைந்த தண்ணீர் பாட்டிலுக்கு
ஜோடி தொலைந்த காலுறையை மாட்டிக்
கூண்டுக்குள் படுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றியது,
அவற்றின் முகத்தை அல்ல.

மதியம், கடைசி நிறுத்தத்தில், தொலைபேசி.
எதிர்வீட்டு க்விடோன்; சாவி அவரிடம் ஒன்று உண்டு.
"உன் கொழுக்கட்டை தட்டையாகிவிட்டது."

தட்டையாவதில் இரண்டு வகை:
சுகத்தில் தட்டை, ஆபத்தில் தட்டை.
வாயோரம் ஈரமா? விலா படபடக்கிறதா?
கூப்பிட்டால் கண் திரும்புகிறதா?
ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம்,
குழாய்த் தண்ணீரில் துணியைப் பிழிந்து காதில் வையுங்கள்,
காதில், முதுகில் அல்ல!

நான் கத்தியிருக்க வேண்டும்.
முன்னிருக்கைக்காரர் எழுந்தே விட்டார்:
"யாருக்கு உடம்பு சரியில்லை?"
"கொழுக்கட்டைக்கு" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
டிராம் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.
பதிவேட்டில் காரணம்: வெப்பம்.

பிழைத்துக்கொண்டது. வேறென்ன சொல்ல.
மாலையில் வெள்ளரித் துண்டு பீகோஸுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் தெருக்குழாய் வெடித்தது.
கட்டடம் முழுக்க ரேடியேட்டர்கள் பிணம்போல்.
வெளியே மைனஸ் பதினேழு.
கூண்டில் ஒட்டிய பொத்தானளவு வெப்பமானி
பதினான்கு என்றது, பிறகு பதின்மூன்று.
தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தேன்.
வைக்கோலை இரட்டிப்பாக்கினேன், அது நனையாமல் பார்த்தேன்,
வெந்நீர்ப் பைக்குக் கம்பளித் தொப்பி போட்டேன்.
மூச்சுக்கு ஒரு பக்கம் விட்டு
மீதியைப் போர்வையால் மூடினேன்.

பத்து மணிக்கு க்விடோன் தன் போர்வையோடு வந்தார்.
"இரண்டு கால் உள்ளவர்களுக்கு இடமுண்டா?"
மேசையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான்.
நடுவே, இலையுதிர்காலம் முழுக்க
ஒரு மரவீட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்ட இரண்டும்
ஒரே உருண்டையாக, எது யார் தலை என்று தெரியாமல்.
நாங்கள் அப்படிச் செய்யவில்லை.
அவர் பழைய செய்தித்தாளை வாசித்தார்,
வானிலைப் பகுதியை இரண்டு முறை.

மூன்று மணி இருக்கும்.
காது குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நினைத்தேன்.
என் விரல்களே ஐஸாக இருந்தன.
கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நூறு வரை எண்ணிவிட்டு
பிறகுதான் போர்வையைத் தூக்கினேன்.