அட்டவணை நான்கு

ஒலிநாடாவைக் கேட்டு எழுதித் தருவது என் வேலை.
மௌனம் வந்தால் அடைப்புக்குறிக்குள்
எத்தனை விநாடி என்று குறிக்க வேண்டும். விதி அது.
பேராசிரியர் ஆர்டெல் பெட்டிஃபோர்ட் அனுப்பிய
ஏழு அட்டைப்பெட்டிகளில் முப்பத்தொரு வருடம் இருந்தது.

முதல் நாடா: க்ளீவ்லண்டின் கிழக்குப் பக்கம்.
அவர் குரல் இளசு. கேள்விகள் நீளம்.
பதில் சொல்லும் பையனுக்கு ஒன்பது வயது.
"கழிப்பறைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"
"கதவு இருக்கிற கழிப்பறைக்கா, மிஸ்?"
பிறகு வெப்பக்குழாய் தட்டுகிற சத்தம் மட்டும்.
[மௌனம், பதினேழு விநாடி.]
முனைவர் பட்டம் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது.
படிப்பு அந்தப் பதினேழு விநாடியில்தான் தொடங்கியிருக்கும்.

அடுத்த நாடாவிலிருந்து கேள்விகள் குட்டையாகின்றன.
கோட்டுப் பையில் ஒரு வெப்பமானி,
ஜனவரியில் இருபத்தெட்டுப் பள்ளிகள்.
ஜன்னலோர மேசை: ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தெட்டு.
பதினைந்து மைல் தள்ளி, புல்லைக்கூட
சீப்பால் வாரி வைத்திருக்கும் ஊரில்
அதே மாநிலம், அதே பாடப்புத்தகம், எழுபது.
"சமத்துவத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்?"
என்று மாநாட்டில் ஒருவர் கேட்கிறார்.
"வகுப்பறைக்குள் கழற்றாத கோட்டுகளை எண்ணுவேன்."
அரங்கம் சிரிக்கிறது.
அவர் எண்ணப் போய்விட்டார்.

நடுவில் சில நாடாக்களில்
காருக்குள் சிப்ஸ் மெல்லும் சத்தம்,
"இன்றைக்காவது சாப்பாட்டுக்கு வருவாயா?" என்று
ரேஃபர்ட் என்கிற ஒருவர்.
தொண்ணூற்றேழுக்குப் பிறகு ரேஃபர்ட் இல்லை.
என்ன ஆனார் என்று நாடா சொல்லவில்லை,
நான் கேட்கவும் இல்லை.

புத்தகம் வந்தது. அறுநூற்றுச் சொச்சம் விற்றது.
அதில்தான் அட்டவணை நான்கு:
இடப்பக்கம், பள்ளிவாரியாகக் காலி இருக்கைகள்.
வலப்பக்கம், அந்தந்தப் பள்ளியின் குளிர்.
இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வாக்கியம் முடியும்.

கல்வி வாரியம் ஒருநாள் அதைத் திரையில் போட்டது.
இடப்பக்கம் மட்டும்.
வலப்பக்கத்தை, நகம் வெட்டுவதுபோல்
வலிக்காமல் வெட்டியிருந்தார்கள்.
பதினோரு பள்ளிகளை மூடுகிறோம்,
டாக்டர் பெட்டிஃபோர்டின் ஆய்வுக்கு நன்றி.

அன்று அவர் கைப்பையில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்;
வரிசையில் அவர் நாற்பத்து மூன்றாவது.
முன்னால் நின்ற பெண் திரும்பிக் கேட்கிறாள்:
"நீங்கதானா அது, எண்ணினது?"
"ஆமாம்."
"யார் உங்களை எண்ணச் சொன்னா?"
அந்த மௌனத்தை மூன்று முறை அளந்தேன்.
ஒன்பது, பதினொன்று, ஒன்பது.
பக்கத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று
அரை நாள் கை ஓடவில்லை.

தன் முறை வந்ததும் அவர் வாதாடவில்லை.
வெட்டிப்போன வலப்பக்கத்தை வாசித்தார்.
பள்ளியின் பெயர், எண். பெயர், எண்.
பத்தொன்பதாவது பள்ளியில் ஒலிவாங்கியை அணைத்தார்கள்.
அதன் பிறகு தூரத்திலிருந்து,
கிணற்றடியிலிருந்து வருவதுபோல்,
இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு...
யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
ஏழுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

கடைசிப் பதிவு ஒரு பேருந்துக்குள்.
மூடிய பள்ளியின் பிள்ளைகள்
இப்போது ஊரைக் குறுக்கே கடந்து போகிறார்கள்.
குரலில் வயது தெரிகிறது. கேள்வி ஒன்றே ஒன்று:
"எவ்வளவு நேரம் ஆகும்?"
"நேரம் தெரியாது," என்கிறது ஒரு பெண்குழந்தை.
"இருபத்தாறு சிவப்பு விளக்கு. பச்சையா இருந்தா எண்ண மாட்டேன்."
"யார் எண்ணச் சொன்னது?"
"யாரும் சொல்லலையே."

அதற்கடுத்து ஒரு சத்தம் வருகிறது,
பேராசிரியருடையது.
சிரிப்போ, இருமலோ, வேறு எதுவோ.
ஒலியைக் கூட்டிக் கேட்டேன்; பேருந்துதான் பெரிதாயிற்று.
[தெளிவில்லை] என்று எழுதி அனுப்பிவிட்டேன்.