நாயைப் பிடியுங்கள்

எங்கள் ஊரில் வேலிக்கு வெளியே நின்று
முதலில் சொல்வது வணக்கம் அல்ல.
நாயைப் பிடியுங்கள், என்பதுதான்.
நாயே இல்லாத வீட்டு வாசலிலும் அப்படித்தான்.

சனிக்கிழமை. உலான்பாதருக்கு வடக்கே மேடு.
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மருந்தியல் தேர்வு இன்னும் பத்து நாளில்.
மூன்றாம் ஆண்டு முடிய
இருபது மணி நேரத் தொண்டைக்
கையெழுத்தோடு காட்ட வேண்டும்;
அதற்குத்தான் வந்தேன், வேறு பெருமை இல்லை.
கருவியின் பேட்டரி குளிரில் செத்துவிடும் என்று
அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறுகிறேன்,
அடைகாக்கிற கோழி மாதிரி.
கூட வந்த தெமூலென் பாதி மேட்டில்
மூச்சு வாங்கி நின்று கீழே பார்க்கிறான்.
நகரம் இல்லை.
புகை இருக்கிறது. அதற்கு மேல்
அனல்மின் நிலையத்தின் குழாய் முனைகள் நான்கு.

நாயைப் பிடியுங்கள்!

சரங்கூ, வயது நாற்பத்து மூன்று.
பேருந்தில் நடத்துனராக இருந்தவர்,
பயண அட்டை வந்ததும் வேலை போனவர்,
இப்போது கரிக்கட்டி மூட்டை ஏற்றுகிறார்.
கூடாரத்துக்குள் அடுப்பு சிவந்திருந்தது.
கோட்டைக் கழற்றச் சொன்னேன். அதற்குள் இன்னொன்று.
மூன்றாவதற்குள் ஒருவழியாகக் கை கிடைத்தது.
190. கீழே 118.
மறுபடி எடுத்தேன். அதே.

தலை வலிக்குமா?
"தலை என்று இருந்தால் வலிக்காதா?"
படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
நாளைக்கு எத்தனை கரண்டி உப்பு?
"உப்பை யார் எண்ணினார்கள்?
தேநீரைக் கேள், சொல்கிறேன். மூன்று கெண்டி."

உப்புப் போட்ட பால்தேநீர்தான்
இந்த மேட்டில் தண்ணீர்.
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்:
சிறுநீரகம், பக்கவாதம், ஒரு நாளைக்கு ஐந்து கிராம்.
ஒப்பித்துக்கொண்டே, அவர் நீட்டிய கிண்ணத்தை
இரு கையாலும் வாங்கி
ஒரே மூச்சில் குடித்து வைத்தேன்.

தெமூலென் இருமினான். அது இருமல் அல்ல.

அவர் மகனுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
ரப்பர் குமிழை அழுத்திப் பார்க்க வேண்டுமாம்.
என் கையையே கொடுத்தேன்.
சைக்கிளுக்குக் காற்றடிப்பவன் போல அழுத்தினான்.
138. கீழே 92.
கொஞ்ச நேரம் அடுப்பு மட்டும் பேசியது.
சரங்கூ எழுந்தார். கெண்டியைத் தள்ளி வைத்தார்.
சின்னப் பாத்திரத்தில் தனியாகக் காய்ச்சிக் கொண்டுவந்தார்.
"உனக்கு. உப்பில்லாமல்."

அந்தச் சுவையை எப்படிச் சொல்ல?
நனைந்த அட்டைப் பெட்டியைக் கொதிக்கவைத்தது போல.
அதைத்தானே அரை மணி நேரமாக
இன்னொருவர் நாக்குக்கு எழுதிக்கொடுத்தேன்.
கடைசி வாய் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மீந்ததைத் தனக்கு ஊற்றி,
முகம் சுளித்து, சிரித்து,
அவரும் குடித்தார்.

மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினேன்.
வாங்கி, முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் செருகினார்.
அங்கே ஏற்கெனவே இரண்டு சீட்டுகள்,
போன வருடத்தது, அதற்கு முந்தையது,
என்னைப் போன்ற யாரோ எழுதியவை,
மடிப்புக் கலையாமல்.
"வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும்" என்றார்.
கோபமில்லை. கணக்கு.

என் இருபது மணி நேரம் முடிந்தது. கையெழுத்து வாங்கியாயிற்று.
செவ்வாய் விடியுமுன்
அந்த மருத்துவமனை வாசலில் அவருக்காக இடம்பிடித்து நின்றேன்.
எட்டரைக்கு வந்தார், இமையில் கரித்தூளோடு.
நர்ஸ் படித்தார்: 184.
ஆறு குறைவு.
கருவிப் பிழையாக இருக்கலாம்;
தேர்வில் கேட்டால் அப்படித்தான் எழுதுவேன்.
ஆனால் அன்று அவர் கையில் மாத்திரை இருந்தது.
மருந்தியலில் நான் எடுத்தது ஐம்பத்தெட்டு. அதுவும் கீழேதான்.

போன சனிக்கிழமை அதே வேலிக்கு முன் நின்று
வழக்கம்போலக் கூவினேன்.
உள்ளேயிருந்து பையன் கத்தினான்:
"வாங்க! இப்பெல்லாம் அது உங்களைப் பார்த்துக் குரைக்காது!"

இருந்தாலும் பிடி, என்றேன்.