ஏழாவது தட்டல்

கின்சாவோ தீவுக்குப் படகில் பத்து நிமிடம்.
மழை எனக்கு முன்பே போய்க் காத்திருந்தது.
சிப்பிப் பண்ணைக்காரர்கள்
அறுவடைக் கணக்கை இணையத்தில் நிரப்ப
ஒரு படிவம் இருக்கிறது, அது என் கைவேலை.
புதிய பதிப்பைக் காட்டிவிட்டு வா என்று
சாந்தியாகோவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

நோல்ஃபா மன்சில்யா
ரப்பர் காலணியைக் கழற்றாமலே
ரொட்டித் தட்டை நகர்த்தி
அதை எடுத்து மேசையில் வைத்தார்.
பத்து அங்குலம். மூடினால் பாடப்புத்தகம்.
மகனுக்குப் பள்ளியில் கொடுத்தது;
புந்தா அரேனாசுக்கு வேலைக்குப் போனபோது
எதற்கும் ஆகாதென்று விட்டுப்போனானாம்.

குறுக்கே ஆயிரத்து இருபத்து நான்கு,
நெடுக்கே அறுநூறு,
அவ்வளவுதான் புள்ளிகள்.
என் மேசையில் இருப்பது திரையல்ல, சுவர்.
பெரிய பாயில் படுத்த குழந்தைபோல
அதில் என் படிவம் புரண்டு கிடக்கும்.

உலாவியைத் தட்டிவிட்டுக்
கெட்டிலை அடுப்பில் வைத்தார்.
கெட்டில் முந்தியது.

பிறகு வந்தது:
மேல் பாதியில் நான் ஆசைப்பட்டு வைத்த கடல் படம்,
அடியில் குக்கீகளுக்குச் சம்மதமா என்றொரு பட்டை,
நடுவே தபால்பெட்டியின் வாயளவு பிளவு.
சன்னலுக்கு வெளியே கடல் இருக்க
உள்ளேயும் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
பிளவு வழியாகவே
பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பினார்,
ஒவ்வொன்றாக மேலே தள்ளி.

கடைசியில் 'உறுதிசெய்க' பெட்டி குதித்தது.
அதன் தலை தெரிந்தது, வயிறு தெரிந்தது,
பொத்தான் இருக்கும் கால் மட்டும்
திரைக்குக் கீழே எங்கோ.
உருட்டினால் பின்னாலிருக்கும் பக்கம் நகர்கிறது,
பெட்டி அசையவில்லை.
என் தப்பு. காது சுட்டது.

அவர் திரையைப் பார்க்கவேயில்லை.
டேப் விசையில் நடுவிரல்:
ஏழு தட்டு. எண்டர்.
பதிவாகிவிட்டது.

யார் சொல்லிக்கொடுத்தது என்றேன்.
"யாரும் இல்லை. நாலில் ஒன்றும் நடக்காது.
ஐந்தில் எல்லாம் அழிந்துபோய்
அன்று ராத்திரி முதலிலிருந்து போட்டேன்.
ஆறில் என்ன ஆச்சென்று தெரியாது,
இரண்டு நாள் கழித்து உங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள்.
அப்புறம் ஏழுதான்."

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"கயிறும் எட்டு மீட்டர் கீழேதானே தொங்குகிறது?
கண்ணுக்கு மிதவை மட்டும்தான்.
சிப்பி பிடித்திருக்கிறதா என்று கைக்குத் தெரியும்."

தேநீரை ஊற்றியபடியே கேட்டார்,
"அது என்ன நிறம்?"

எது?

"அந்தப் பொத்தான்."

பச்சை என்றேன்.
அந்தப் பச்சைக்கு மூன்று வாரம் ஆனதை,
பதினோரு பச்சைகளைச் சுவரில் ஒட்டி
நாலு பேர் சண்டை போட்டதை,
தோற்றுப்போன ரொட்ரிகோ இன்னும்
என்னோடு சரியாகப் பேசாததைச் சொல்லவில்லை.
"பச்சை நல்லதுதான்," என்று
சர்க்கரையை என் பக்கம் தள்ளினார்.

பைக்குள் புதிய பதிப்பு இருந்தது.
கூடுதலாக இரண்டு கட்டங்கள்;
அதில் ஏழாவது தட்டல்
'அழி' பொத்தானில் போய் நிற்கும்.
பையைத் திறக்காமல் விடைபெற்றேன்.

திரும்பும் படகில், வண்டிகளுக்கு நடுவே,
மடிக்கணினியைத் திறந்து
சன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்,
அவருடைய அளவு வரும்வரை.
கால் மறைந்தது.
கண்ணை மூடி எண்ணினேன். ஒன்பது.

இனி ஒன்பது என்று போன் போட்டுச் சொன்னால் போதும்.
பழகிக்கொள்வார்.
அதுதான் உறுத்தியது.

படகின் தட்டி கரையில் இறங்க
பின்னால் லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்த
நான் முதலில்
கடலை எடுத்தேன்.