சாய்கோடு

லாபிஸ் பெரிய சாலையில்
டயர்க்கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
எங்கள் கிளினிக்.
டாக்டர் ஹஸ்லினா கிறுக்கியதை எல்லாம்
இன்சூரன்ஸ்காரன் கணினிக்குள்ளேயே போய்த்
தட்டிவிட்டு வருவது என் வேலை.

முன்பு காகிதம்.
மாதம் ஒரு கட்டு, பச்சை உறை,
பணம் வர மூன்று மாதம்.
இப்போது அவர்கள் அடுப்படிவரை போய்வர
ஒரு கடவுச்சொல் தந்திருக்கிறார்கள்.
பத்து நிமிடம் சும்மா இருந்தால்
வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும்.
ஒன்றுக்குப் போவதென்றாலும்
ஏதாவது ஒரு பெட்டியில் புள்ளி வைத்துவிட்டுத்தான்
எழுந்திருப்பேன்.

காய்ச்சலுக்கு ஓர் எண் உண்டு.
செம்பனை முள் விரலில் ஏறினால்
தேடிப் பார்த்தேன், அதற்கும் உண்டு.
ஏறிய முள்ளோடு மூன்று நாள் குலை வெட்டியதற்கு
இல்லை.

பெயர்ப் பெட்டிதான் பிடிவாதம்.
அடையாள அட்டையில்
மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவே
பால்மரத்து வெட்டுப்போல ஒரு சாய்கோடு நிற்குமே,
அதைத் தட்டினால்
சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை.
அழித்துவிடுவேன்.
நாளுக்கு நாற்பது பேரைத்
தகப்பனோடு ஒட்டி அனுப்புவேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, கடைசி நேரம்.
தீர்த்தகிரி, முட்டி வீக்கம், சர்க்கரை பதினான்கு.
கூடவே மகன் சன்னாசி, விரல்.
தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த குடும்பம்.
தீர்த்தகிரி சன்னாசி.
சன்னாசி தீர்த்தகிரி.
ஒரே முகவரி, ஒரே பாலிசி, ஒரே தேதி.
இரட்டைப் பதிவு என்றது திரை,
ஒருவரை நீக்கு என்றது.

அட்டை எண் வேறடா, என்றேன் திரையிடம்.
பிறகு கோலாலம்பூருக்கு அடித்தேன்.
இருபது நிமிடம் பியானோ.
அப்புறம் ஒரு பையன்:
"சிஸ்டம் அப்படித்தாங்க்கா.
ரெண்டுல எது முதல்ல வந்தது?"
அப்பாதான் தம்பி,
எப்பவும் அப்பாதான் முதல்ல வருவார்.
அவன் சிரிக்கவில்லை.
குறிப்பு என்று ஒரு பெட்டி இருக்கிறதாம்,
அறுபது எழுத்துக்குள் போடவேண்டுமாம்.

மலாயில் எழுதினேன், எண்ணினேன், வெட்டினேன்:
இவர் அவருடைய தகப்பன். இருவருக்கும் வலி.
இரண்டாவது வாக்கியத்துக்கு இடம் போதவில்லை.
எடுத்துவிட்டேன்.
நிலை: பரிசீலனையில்.

ஒப்புதல் வராமல் மருந்து தரக்கூடாது.
தந்தேன்.
நூற்று முப்பது வெள்ளி, நாளைக்கு
டாக்டரிடம் பேச்சு வாங்கவேண்டியதுதான்.
பை மாறிவிடக் கூடாதே என்று
இரண்டிலும் பேனாவால் முழுப்பெயர் எழுதினேன்,
நடுவில் அந்தக் கோட்டையும் போட்டு,
கொஞ்சம் அழுத்தியே.

ஷட்டரைப் பாதி இறக்கும்போது
ஒரே ஹோண்டாவில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.
தகப்பன் மடியில் இரண்டு பையும்.
மகன் ஓட்டினான்,
கட்டுப்போட்ட விரல் மட்டும்
பிரேக்கைத் தொடாமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது.