விரிசல் அளப்பவள்

விரிசலின் இருபுறமும் இரண்டு கண்ணாடித் தகடுகள்.
ஒன்றில் சிவப்புச் சிலுவை, மற்றதில் கட்டங்கள்.
சுவர் நகர்ந்தால் சிலுவை நகரும்.
குனிந்து படித்து எழுதிக்கொள்கிறேன்:
பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
நான்கு மயிரிழை சேர்ந்த கனம்.

சாவோ பாலோ, பிஷிகா.
தெருவுக்கு அடியில் இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில்
‘பெரிய ததூ’ வந்துகொண்டிருக்கிறது.
ததூ எங்கள் ஊர் விலங்கு,
முதுகில் ஓடு, கையில் நகம், எந்நேரமும் மண்ணுக்குள்.
சுரங்கம் குடையும் இயந்திரத்துக்கு
அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.
நாளைக்குப் பன்னிரண்டு மீட்டர் தின்னும்.
பாறை பல்லில் பட்டால் நாலு.
ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும்.

அது கடக்கும்வரை, கடந்தபின் நாற்பது நாள்,
நூற்றுப் பதினேழு வீடுகள் என் கணக்கு.

தோனா ஸுல்மீரா நான் வருமுன்பே
கூடத்துக்கு வெள்ளையடித்துவிட்டாள்,
தகட்டின் மேலும் சேர்த்து.
“விருந்தாளி வரும்போது சுவர் அப்படியா இருக்கும்?”
விருந்தாளி நான்தான்.
அவள் காபி ஊற்ற, நான் நகத்தால் சுரண்டினேன்.
வெள்ளைக்கு அடியில் பூஜ்யம் புள்ளி நான்கு.

பிட்சாக்கடை ஒட்டாசிலியோவுக்கு நேரெதிர்க் கவலை.
அவர் விரிசல் வளரவேயில்லை.
“ஒன்றரை என்று போடேன் அம்மா, பென்சில்தானே?”
நஷ்டஈட்டில் புது அடுப்புக்கு ஆசை.
பேனாவைத் தூக்கிக் காட்டினேன்.
அரைத்தட்டுப் பிட்சா கட்டிக் கொடுத்தார்.
மறுத்தேன். பிறகு பேருந்தில் தின்றேன்.

மூன்றாம் மாடிச் சிறுவன் கவுவா
தானே தேதி போட்டு வைத்திருக்கிறான் பென்சிலால்:
செவ்வாய், ஸ்விட்ச்வரை.
வெள்ளி, அப்பா ஃபோட்டோவரை.
“அப்பாவைத் தாண்டுமா?”
ஆணியைக் கழற்றி
ஃபோட்டோவை ஒரு சாண் தள்ளி மாட்டினோம்.
அதை அறிக்கையில் எழுதவில்லை.

அது கடந்த இரவு எல்லோரும் விழித்திருந்தார்கள்,
நகை, ரேஷன், பத்திரங்கள் மடியில்.
மூன்று மணிக்கு டம்ளர்த் தண்ணீரில்
ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம்.
அவ்வளவே.
தோனா ஸுல்மீராவின் நாய் எழுந்து,
இடம் மாற்றிப் படுத்தது.
இதற்கா தூக்கம் கெட்டோம் என்றார் ஒட்டாசிலியோ,
மெய்யாகவே மனம் நொந்து.

விடிந்ததும் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.
இரண்டு பேருந்து, இரண்டு மணி நேரம், பிராசிலாந்தியா.
ரயில் பெட்டிக்குள் ஒட்டிய வரைபடத்தில்
எங்கள் பேட்டை வெறும் புள்ளிக்கோடு.
நான் பள்ளிக்குப் போனபோது புள்ளி.
இந்த வேலையில் சேர்ந்தபோதும் புள்ளி.
அந்தப் புள்ளிகளை நோக்கித்தான் ததூ வருகிறதாம்.
நம்புகிறேன்;
அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

சரிவில் அடுக்கிய செங்கல், பூச்சில்லாத வீடு.
ஜனவரி மழைக்குப் பின்
அடுப்பு மூலையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல்.
சுண்டுவிரல் நுனி நுழையும்.
எங்களுக்குக் கீழே எந்த இயந்திரமும் வரவில்லை;
ஆகவே அளக்கவும் ஆள் வரவில்லை.

பையில் ஒரு தகடு, மூலை தெறித்தது.
‘உடைந்தது’ என்று கணக்கெழுதி எடுத்து வந்தது.
பசை தடவி, மூச்சடக்கி, அழுத்திப் பிடித்தேன்.
சிலுவை நட்டநடுவில் நிற்கிறது.
ஒட்டிய அன்று எந்தச் சுவரும் பூஜ்யம்தான்,
அதற்கு முன் எத்தனை பிளந்திருந்தாலும்.

நூற்றுப் பதினெட்டு என்று நோட்டில் எழுதினேன்.
முகவரிக் கட்டத்தில் பேனா நின்றது.
எங்கள் தெரு தெருவல்ல, படிக்கட்டு;
பெயர் கிடையாது.
‘தண்ணீர்த் தொட்டிக்கு மேல், நாற்பதாம் படி’ என்று போட்டேன்.

அடுத்த அளவு: வியாழன்.
புதன் இரவு மழை என்கிறது வானொலி.