ஆவன

பேர்ணாம்பட்டில் மதியம் மூன்றரை மணி.
கீழே டிரம்களுக்குள் ஆட்டுத்தோல்
சுற்றிச் சுற்றி நீலமாகிக்கொண்டிருக்க,
மாடியில் நான்
ஜெர்மனிக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொரு வருடமாக என் கடிதங்களுக்கு ஒரே வால்.
ரிவர்ட் பேக் அட் தி எர்லியஸ்ட்.
ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்.
அடிப்பதுகூட இல்லை.
'ப்ளீ' வரைக்கும் போனால் போதும்,
மிச்சத்தைக் கம்ப்யூட்டரே முடித்துவிடும்.

இந்த முறை பதிலில் இரண்டே வரி.
புதிதாகச் சேர்ந்தவளாம், பெயர் பிர்கிட்.
"நீங்கள் சொல்லும் நீட்ஃபுல் எது?
ரிவர்ட் பேக் என்றால், சரக்கைத் திருப்பி அனுப்பவா?"

இக்ரமுல்லா சாரிடம் காட்டினேன்.
"இன்னாம்மா, இங்கிலீசு தெரியாதா அவளுக்கு?"
இருவரும் சிரித்தோம்.
டீ ஆறிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.
எது?

பழைய கடிதங்களைத் திறந்து பார்த்தேன்.
மார்ச்சில் நீட்ஃபுல் என்றால் பாக்கிப் பணம்.
ஜூனில் லேப் ரிப்போர்ட்.
தீபாவளிக்கு முன்பு அது,
ஆர்டரை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள் என்ற கெஞ்சல்.
ஒரு தடவை, சத்தியமாக, ஒன்றுமே இல்லை.
கடிதம் வெறுமனே முடியக் கூடாதே என்று போட்டிருக்கிறேன்.

வாய்விட்டுக் கேட்கக் கூசியதையெல்லாம்
அந்த ஒரு சொல்லுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்,
விருந்தாளி வருகிற அவசரத்தில்
அழுக்குத்துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதுபோல்.

மறுபடி அடித்தேன்.
"இருபத்துநாலாயிரம் சதுர அடி லைனிங் தோல்
பன்னிரண்டாம் தேதி கப்பல் ஏறியது.
மீதிப் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.
சனிக்கிழமை இங்கே சம்பள நாள்."
படித்தால் சண்டைக்குப் போவதுபோல் இருந்தது.
ஒரு 'கைண்ட்லி' போட்டேன். எடுத்தேன்.
திரும்பப் போட்டுத் திரும்ப எடுத்தேன்.
அனுப்பிவிட்டு
உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமையே பணம் வந்தது.
கூடவே, "இப்போது புரிகிறது, நன்றி."

அன்று ராத்திரி
எங்கள் தெரு மனுவின் நகலைத் தேடி எடுத்தேன்.
போன வருடம் நான் எழுதியதுதான்.
அழகான தமிழ் என்று அத்தனை பேரும் மெச்சிய மனு.
"மேற்படி பகுதியில் நிலவும்
குடிநீர் தொடர்பான இடர்ப்பாடுகளைக்
கனிவுடன் பரிசீலித்து
ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்."
பதிலும் வந்திருந்தது, முத்திரையோடு.
"ஆவன செய்யப்படும்."
கிடைத்துவிட்டதாகவே நம்பினோம்.
தேவகுமாரி எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தாள்.
ஆவன எவை என்று கேட்க
அந்த அலுவலகத்தில் ஒரு பிர்கிட் இல்லை.
எங்கள் தெருவிலும் இல்லை.

புதுத் தாள் எடுத்தேன்.
"மலட்டாற்றோரம் எங்கள் தெருக் கிணறு.
ஜனவரியிலிருந்து தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது.
நாற்பத்தொரு வீடுகளும் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகின்றன.
செல்வராணி மகனுக்கு முழங்கால்வரை சிரங்கு.
தினமும் காலை ஏழு மணிக்குள் ஒரு லாரித் தண்ணீர் வேண்டும்.
சில தோல் ஆலைகள்
இரவில் கழிவுநீரை ஆற்றில் விடுகின்றன.
வந்து சோதியுங்கள்."

நன்றாகத்தான் வந்திருக்கிறது.
ஆனால் 'சில' என்ற இடத்தில் கண் போய்ப் போய் நிற்கிறது.
சில.
எல்லார் மேலும் படர்ந்து
ஒருவர் மேலும் விழாத நிழல்.
இதுவும் ஒரு நீட்ஃபுல்.

எந்த ஆலை என்று எனக்குத் தெரியும்.
இந்தத் தாளே அதன் லெட்டர்பேடின் பின்பக்கம்.

'சில'வை அடித்தேன்.
'ஆலைகள்' என்பதில் 'கள்' போனது.
'விடுகின்றன' என்பதை 'விடுகிறது' என்று திருத்தினேன்.
முன்னால் ஒரு பெயர் எழுதுமளவு
இடம் இப்போது காலியாக இருக்கிறது.

மணி இரண்டேகால்.
காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது,
ஜன்னல் வழியே சுண்ணாம்பும் தோலும் மணக்கிறது.
பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.