தொடரும்

மாதையன், படத்தின் மூலையில்
'மாது' என்றே கையெழுத்துப் போடுவார்.
'அன்புள்ள சகோதரிக்கு' என்று
தென்காசியிலிருந்தெல்லாம் கடிதம் வரும்.
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் பிளாக் செய்தவன் நான்.
அமிலம் தின்ற தகட்டில்
அவர் கோடுகளைத் தலைகீழாய்ப் படித்தவன்.

கட்டத்துக்குப் பன்னிரண்டு அணா.
குதிரை வராது அவருக்கு,
அதனால் எப்போதும் புழுதி.
ஆப்பிரிக்காவுக்கு ஏற்காடு பஸ்ஸில் போய் வந்தார்;
சில்வர் ஓக் அடியில் நின்று உறுமியது சிங்கம்,
பின்னால் காப்பிச்செடி.
யாரும் கேட்கவில்லை.
வில்லனுக்கு எங்கள் முதலாளியின் மூக்கு.
அவரும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டில், தீபாவளி மலரோடு பத்திரிகை நின்றது.
கடைசிக் கட்டத்தில்
கேப்டன் தூமகேது பாறை விளிம்பில்
ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறான்.
கீழே, 'தொடரும்'.

பிறகு ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள்:
சேர்வராயன் மலை, சூரியன், மில்லின் பெயர்.
இதற்குக் கூலி அதிகம்.

பத்து வருஷம் கழித்து
ஏதோ பிழை திருத்த லென்ஸ் வைத்தேன்.
மலையின் இடப்பக்கச் சரிவில், மயிரளவு,
ஒரு கயிறு.
ஆளைக் காணோம்.

ஏறிவிட்டானா என்று கேட்டேன்.
'லேபிளில் அவ்வளவு இடமில்லையப்பா' என்றார்,
பிரஷ்ஷை உதறிக்கொண்டே.